பாரம் எந்தப் பக்கம்? – குட்டிக் காரின் பெரிய ரகசியம்!

இடப்பக்கம் திருப்பினால் சிட்டாகப் பறக்கிறது. வலப்பக்கம் திருப்பினால் சண்டி மாடு போல முரண்டு பிடிக்கிறது!

கார் ஒன்றுதான். ஓட்டுகிறவனும் ஒருவன்தான். பின் ஏன் இந்த இரட்டைக் குணம்?

14 வயதுச் சிறுவன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் ஊர் ஜப்பானில் உள்ள ஷிசுவோகா. அவன் கையில் ஒரு ரேடியோ கருவி. ஓடுபாதையில் அவனுடைய குட்டிக் கார். பந்தயம் 5 நிமிடம். அதற்குள் 18 சுற்று ஓட வேண்டும்.

பையன் கெட்டிக்காரன். இடப்பக்க வளைவுகளில் அவன் காரை யாராலும் எட்ட முடியவில்லை. ஆனால் வலப்பக்க வளைவு வந்ததும் கார் வழுக்குகிறது. வெளிப்பக்கமாக விலகிப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கால் வினாடி போகிறது.

கால் வினாடிதானே என்று நினைக்கிறீர்களா? 18 சுற்றுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலரை வினாடி! முன்னே போனவன் கோட்டைத் தாண்டிவிட்டான். நம் பையன் இன்னும் கடைசி வளைவில் தவிக்கிறான்.

மோட்டார் மேல் பழி

காரைக் கையில் எடுத்துக்கொண்டு பையன் மேஜைக்குத் திரும்பினான். கண்ணில் நீர் முட்டியது.

"மோட்டார் சரியில்லை, அப்பா. புது மோட்டார் வாங்கினால்தான் ஜெயிக்க முடியும்" என்றான். அதற்காகப் பல மாதமாகச் சேர்த்த பணம் அவன் சட்டைப் பையில் இருந்தது.

தகப்பனாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த மேஜையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பல ஆண்டு பந்தயம் பார்த்தவர். அவர் காரை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"தம்பி, மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. உன் காரில் பாரம் ஒரு பக்கமாக இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்" என்றார்.

இது கற்பனைப் பையன்தான். ஆனால் ரேடியோ கார் ஓட்டப் பழகுகிறவர்களில் பலருக்கும் நேருகிற அனுபவம் இது. கோளாறு ஓரிடத்தில் இருக்கும். பழி வேறோர் இடத்தில் விழும். பணமும் வீணாகும்.

பெரியவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்கும் முன், இந்தக் கார் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம்.

பொம்மையா? பந்தயக் காரா?

உருவத்தில் இது பொம்மை. உண்மைக் காரின் அளவில் பத்தில் ஒரு பங்குதான். அகலம் 190 மில்லிமீட்டர். அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. எடை சுமார் 1,350 கிராம். ஒன்றரைக் கிலோ கூட இல்லை.

ஆனால் வேகத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நல்ல பந்தயக் கார் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்!

இதற்கு 'டூரிங் கார்' என்று பெயர். குடும்பங்கள் பயணம் போகிற சாதாரணக் கார்களையே மாற்றியமைத்துப் பந்தயம் விடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். அந்தக் கார்களின் குட்டி வடிவம்தான் இது. நான்கு சக்கரங்களுக்கும் மோட்டாரின் சக்தி போகும். நான்கு சக்கரங்களிலும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உண்டு.

இதற்கு உலகப் போட்டியும் நடக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த மார்க் ரைனார்ட் என்பவர் 2004, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார்.

பெரிய போட்டிகளில் காரின் எடைக்கும் சட்டம் உண்டு. குறிப்பிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது. பந்தயம் முடிந்ததும் அதிகாரிகள் காரைத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். எடை குறைந்திருந்தால் ஜெயித்தும் பயனில்லை!

காரைப் பிரித்துப் போட்டவர்கள்

பையனின் ஊராகிய ஷிசுவோகா, குட்டிக் கார்களுக்குப் பேர் போனது. ஜப்பானின் பெரிய மாடல் கம்பெனிகள் பல அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தமியா.

தமியா 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கியது. 1951-ல் தீ விபத்து ஏற்பட்டது. கிடங்கில் இருந்த மரம் எரிந்து போயிற்று. ஆனாலும் அந்தக் குடும்பம் மனம் தளரவில்லை. மர மாடல்கள் செய்வதில் முழு மூச்சாக இறங்கியது. பிறகு பிளாஸ்டிக் மாடலுக்கு மாறியது.

1976-ல் தமியா தன் முதல் ரேடியோ மின்சாரக் காரை வெளியிட்டது. அது போர்ஷ் 934 என்ற பந்தயக் காரின் மாடல். உண்மைக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு.

அதைச் செய்ய அவர்கள் பட்ட பாடு வேடிக்கையானது. படம் எடுத்துப் பார்த்தார்கள், போதவில்லை. அளந்து பார்த்தார்கள், போதவில்லை. கடைசியில் ஒரு போர்ஷ் 911 காரையே விலைக்கு வாங்கினார்கள். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்டார்கள்!

வெளியே தெரிகிற உருவத்தை இப்படி அளந்து கொண்டு வந்துவிடலாம். ஆனால் பாரத்தை அப்படிக் கொண்டு வர முடியாது. போர்ஷ் 911 காரில் எஞ்சின் பின்பக்கம் இருக்கிறது. குட்டிக் காரிலோ எஞ்சினே கிடையாது. பாட்டரியும் மோட்டாரும்தான் உண்டு. எனவே குட்டிக் காரின் பாரத்தை அதற்கென்றே தனியாகச் சரி செய்ய வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது?

காரின் மேல் கூட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு தட்டையான அடித்தட்டு. அதன் மேல் சாமான்கள்.

எல்லாவற்றிலும் கனமானது பாட்டரி. இப்போது பந்தயங்களில் பயன்படும் லித்தியம் பாட்டரி சுமார் 300 கிராம் இருக்கும். அடுத்தது மோட்டார். அது 160, 170 கிராம் இருக்கும். பிறகு முன்சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. ரேடியோ சமிக்ஞையை வாங்கும் கருவி.

பல கார்களில் பாட்டரி ஒரு பக்கம் நீளவாட்டில் படுத்திருக்கும். மற்றச் சாமான்கள் எதிர்ப்பக்கம் இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நல்லது. ஆனால் தானாக அப்படி அமைவது அபூர்வம். ஒருவர் கனமான பாட்டரி வாங்கியிருப்பார். இன்னொருவர் இலேசான கருவி வைத்திருப்பார். பாரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

நம் பையனின் காரில் பாரம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இரண்டு மூட்டை, இரண்டு ஆள்

பாரம் சாய்ந்தால் என்ன கெட்டுப்போகும்? சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களைப் பாருங்கள்.

இரண்டு மூட்டை, இரண்டு ஆள். ஆளுக்கு ஒன்று தூக்கினால் வேலை சுளுவாக முடியும். ஒருவன் தலையில் இரண்டையும் ஏற்றிவிட்டு மற்றவன் கை வீசி நடந்தால்? சுமக்கிறவன் தடுமாறுவான். மற்றவன் பலம் வீணாகும்.

டயரும் அப்படித்தான். பாரம் ஏற ஏற டயரின் பிடிப்பும் ஏறும். ஆனால் அதே அளவுக்கு ஏறாது. பாரம் இரண்டு பங்கானால் பிடிப்பு இரண்டு பங்கு ஆகிவிடாது. அதற்குக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே, இரண்டு டயர்கள் சமமாகச் சுமப்பதே லாபம்.

கார் வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். பஸ் வேகமாகத் திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? அதேதான்.

கார் வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கச் சக்கரங்கள் அதிகம் சுமக்கும். பையனின் காரில் ஏற்கெனவே இடப்பக்கம் கனம். கனத்தின் மேல் கனம் ஏறியது. டயர் பிடியை விட்டது. இடப்பக்கம் திரும்பும்போதோ பாரம் வலப்பக்கம் நகர்ந்தது. இரண்டு பக்கமும் ஓரளவு சமமாயிற்று. கார் நன்றாக ஓடியது.

இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் முட்டை வடிவப் பாதையில் பெரிய கார்ப் பந்தயம் நடக்கும். அங்கே எப்போதும் இடப்பக்கமே திரும்புவார்கள். அதனால் விதி இடம் கொடுக்கும் அளவுக்குப் பாரத்தை இடப்பக்கம் வைப்பார்கள். ஆனால் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டிய காருக்கு அந்தத் தந்திரம் ஆகாது.

இரண்டு ஊசிமுனை

பெரியவர் தம் பெட்டியிலிருந்து சின்னதாக இரண்டு தாங்கிகளை எடுத்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் ஊசிமுனை. பல பந்தயக் கார்களின் அடித்தட்டில், முன்னும் பின்னும், சரியாக நடுக்கோட்டில் சிறு துளை இருக்கும். அந்தத் துளைகளில் ஊசிமுனைகள் பொருந்தும்படி காரை மெல்ல வைத்தார்.

கையை எடுத்ததும் கார் இடப்பக்கம் சாய்ந்தது!

"பார்த்தாயா? இது பொய் சொல்லாது" என்றார் பெரியவர்.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பந்தயத்தில் ஓடும்போது காரில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் இருக்க வேண்டும். பாட்டரி இருக்க வேண்டும். சக்கரம் இருக்க வேண்டும். மேல் கூடு இருக்க வேண்டும். சுற்றுக் கணக்கு எடுக்கப் பந்தயத்தில் பொருத்துகிற சின்னக் கருவி கூட இருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு நிறுத்துப் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும்.

நாலு தராசு

பெரியவர் அதோடு நிற்கவில்லை. நாலு சின்னத் தராசுகளைச் சமமான பலகை மேல் வைத்தார். சக்கரத்துக்கு ஒன்றாகக் காரை ஏற்றினார். இப்படி எண் வந்தது:

இடது முன் சக்கரம் 356 கிராம்.
வலது முன் சக்கரம் 319 கிராம்.
இடது பின் சக்கரம் 331 கிராம்.
வலது பின் சக்கரம் 344 கிராம்.

"இடப்பக்கம் இரண்டையும் கூட்டு" என்றார்.

"687."

"வலப்பக்கம்?"

"663. ஐயா, இடப்பக்கம் 24 கிராம் அதிகமாக இருக்கிறதே!"

முன்சக்கரங்கள் இரண்டையும் கூட்டினால் 675. பின்சக்கரங்கள் இரண்டையும் கூட்டினாலும் 675. அந்தக் கணக்கில் குறை இல்லை. இடம், வலம் என்ற கணக்கில்தான் குறை.

நகர்த்து, பிறகு சேர்!

"வலப்பக்கம் 24 கிராம் ஈயம் ஒட்டிவிட்டால் சரியாகிவிடுமா?" என்று பையன் கேட்டான்.

பெரியவர் தலையசைத்து மறுத்தார். எடை மட்டும் கணக்கல்ல. நடுக்கோட்டிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கு. சிறு குழந்தையும் பெரியவரும் ஏற்றப் பலகையில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர் நடுவை நோக்கி நகர்ந்து உட்கார்ந்தால், குழந்தை ஓரத்தில் உட்கார்ந்து அவரைத் தூக்கிவிடும்!

300 கிராம் பாட்டரியை ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். 300-ஐ 1-ஆல் பெருக்கினால் 300. அதே பலன் ஈயத்தால் வேண்டுமானால்? நடுக்கோட்டிலிருந்து 45 மில்லிமீட்டர் தூரத்தில், அடித்தட்டின் ஓரத்தில், கிட்டத்தட்ட 7 கிராம் ஒட்ட வேண்டும்.

பாட்டரியை நகர்த்தினால் எடை கூடாது. ஈயத்தை ஒட்டினால் எடை கூடும். எடை கூடினால் கார் வேகமெடுக்கத் தாமதமாகும். ஆகவே முதலில் நகர்த்து. அதற்கும் போதாவிட்டால் சேர். இதுதான் அனுபவசாலிகளின் பாடம்.

பெரியவர் பாட்டரியை 3 மில்லிமீட்டர் நடுப்பக்கமாக நகர்த்தினார். வேகக் கருவியை 12 மில்லிமீட்டர் வலது ஓரமாகத் தள்ளி ஒட்டினார். மிச்சம் இருந்த குறைக்கு மட்டும், தலா 5 கிராம் எடையுள்ள இரண்டு ஈயத் துண்டுகளை வலது ஓரத்தில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில், ஒட்டினார்.

மறுபடி காரை ஊசிமுனைகளில் வைத்தார். இந்த முறை கார் சாயவில்லை. தராசு முள் போல நின்றது!

பையன் துள்ளிக் குதித்தான். "முடிந்ததா, ஐயா?"

"பாதி முடிந்தது" என்றார் பெரியவர்.

நாற்காலியின் குறும்பு

மறுபடி நாலு தராசில் ஏற்றினார். இடப்பக்கம் 680. வலப்பக்கம் 680. முன்பக்கம் 680. பின்பக்கம் 680. எல்லாம் சமம். ஆனால் சக்கரத்தைத் தனித்தனியாகப் பார்த்தால்?

இடது முன் சக்கரம் 352. வலது முன் சக்கரம் 328. இடது பின் சக்கரம் 328. வலது பின் சக்கரம் 352.

சமமான காரில் சக்கரங்கள் சமமாக இல்லை! இது என்ன விந்தை?

விந்தை ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும் மேஜையைப் பாருங்கள். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாலு கால் மேஜை ஆடும். ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வையுங்கள். அந்தக் காலும், அதற்கு மூலைக்கு மூலை எதிரே உள்ள காலும் பாரத்தைச் சுமக்கும். மற்ற இரண்டு கால்கள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்.

இந்தக் காரிலும் யாரோ ஒரு காலுக்கு அடியில் 'காகிதம்' வைத்திருந்தார்கள். யார் அது?

பையன் தலையைக் குனிந்துகொண்டான். போன வாரம் கார் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்பதை அவன் பார்த்தான். நிமிர்த்துவதற்காக இடது முன் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டான். கார் பார்வைக்கு நேராக நின்றது. அவனும் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டான்.

ஸ்பிரிங் பாரத்தைக் குறைக்காது

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது.

ஸ்பிரிங்கை எப்படித் திருகினாலும் இடப்பக்கத்தின் மொத்தப் பாரம் மாறாது. வலப்பக்கத்தின் மொத்தப் பாரமும் மாறாது. அது சாமான்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஸ்பிரிங்கை இறுக்கினால் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பாரம் இடம் மாறும். அவ்வளவுதான்.

இடுப்பில் தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண்ணைப் பாருங்கள். குடம் இடது இடுப்பில் இருந்தால் உடம்பை வலப்பக்கம் சாய்த்து நடப்பாள். நடை நேராகத் தெரியும். ஆனால் குடத்தின் கனம் குறைந்துவிட்டதா? இல்லை. இடுப்பு வலிக்கும்போது உண்மை தெரிந்துவிடும்!

ஸ்பிரிங்கை இறுக்கி நிமிர்த்திய காரும் அப்படித்தான். மேஜை மேல் நேராக நிற்கும். ஓடுபாதையில் உண்மை வெளிப்படும். வேகமெடுக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். ஒரு வளைவில் ஒரு குணம், மறு வளைவில் வேறு குணம் காட்டும். முதலில் பாரம் சாய்ந்திருந்தது ஒரு தவறு. அதை மறைக்க ஸ்பிரிங்கை இறுக்கியது இரண்டாவது தவறு.

பெரியவர் இடது முன் ஸ்பிரிங்கைச் சற்றுத் தளர்த்தினார். வலது முன் ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கினார். ஒவ்வொரு முறையும் காரை மெல்ல அழுத்தி விட்டுவிட்டு எண்ணைப் பார்த்தார். கடைசியில் நாலு தராசும் ஒரே எண்ணைக் காட்டின. 340, 340, 340, 340!

தராசு இல்லாதவர்கள் என்ன செய்வது?

நாலு தராசு எல்லாரிடமும் இருக்காது. அதற்கும் எளிய வழி உண்டு.

காரைச் சமமான கண்ணாடிப் பலகை மேல் வையுங்கள். முன்பக்கம், சரியாக நடுவில், ஒரு கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுந்தால் நல்லது. ஒன்று முந்தி எழுந்தால், அந்தச் சக்கரத்தில் பாரம் குறைவு. பின்பக்கமும் இதேபோல் பாருங்கள்.

சில கார்களில் இடது, வலது சக்கரங்களை இணைக்கும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுப்பது அதன் வேலை. அந்தக் கம்பி வளைந்திருந்தாலும் இதே கோளாறு வரும். ஆகவே சோதனைக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

சுவரில் மோதிய காராக இருந்தால் அடித்தட்டே முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது மேல்தட்டின் திருகாணிகளைத் தளர்த்த வேண்டும். சமமான பலகை மேல் வைத்து அழுத்திப் பிடித்து மறுபடி முடுக்க வேண்டும். பல சமயம் இதிலேயே பாதி நோய் தீர்ந்துவிடும்.

முன்பாரம், பின்பாரம், தலைப்பாரம்

முன்பாரம், பின்பாரம் என்ற பேச்சு நம் மாட்டு வண்டிக்காரர்களுக்குப் புதிதல்ல. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். கழுத்துக் கயிறு இறுக்கும். அதனால் மூட்டை அடுக்கும்போதே பார்த்து அடுக்குவார்கள்.

டூரிங் காரில் முன்னும் பின்னும் ஏறத்தாழ சமமாக வைப்பது வழக்கம். வழுக்கும் பாதையில் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சறுக்கினால், பாரத்தைச் சற்றுப் பின்னால் நகர்த்திப் பார்ப்பார்கள். ஆனால் அளவு மீறினால் ஆபத்து. கனத்த பின்பக்கம் ஊஞ்சல் போல வீசிவிடும்.

தலைப்பாரமும் கூடாது. உயரே இருக்கும் கனம் காரைச் சாய்க்கப் பார்க்கும். கம்பள விரிப்பு போட்ட பாதையில் டயர் நன்றாகப் பிடிக்கும். அங்கே தலைப்பாரம் உள்ள கார் திரும்பும்போது குட்டிக்கரணம் போட்டுவிடும்! அதனால் ஈயத்தை எப்போதும் அடித்தட்டில் ஒட்டுவார்கள். மேல் கூட்டுக்கு அழகுக்காக வண்ணத்தைப் பூசிக்கொண்டே போனாலும் தலைப்பாரம்தான்.

பெற்றோர் கவனத்துக்கு

ஈயம் நஞ்சு. சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அரத்தால் ராவினால் தூள் பறக்கும், ராவவே கூடாது. ஈயத்துக்குப் பதில் பித்தளைத் துண்டையும் வைக்கலாம்.

லித்தியம் பாட்டரியிலும் கவனம் வேண்டும். குத்துப்பட்டாலும் உப்பினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது, தீப்பிடிக்கும். நகர்த்தி வைக்கும்போது கூர்மையான திருகாணி அதில் உரசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது.

அடுத்த பந்தயம்

மாலைப் பந்தயம் தொடங்கியது. பையன் மேடையில் ஏறி நின்றான். முதல் வளைவு இடப்பக்கம். கார் எப்போதும் போலத் திரும்பியது. அடுத்தது வலப்பக்கம். பையனுக்கு நெஞ்சு படபடத்தது.

கார் கோடு போட்டது போலத் திரும்பியது!

அன்று அவன் முதலாவதாக வரவில்லை. மூன்றாவதாக வந்தான். முதலில் வந்தவன் அவனைவிட நன்றாக ஓட்டினான். அதில் பையனுக்கு வருத்தம் இல்லை. தோற்றது ஓட்டத்தில்தான், பாரத்தில் அல்ல என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி பழகினால் போதும்.

பெரியவருக்கு நன்றி சொல்ல அவன் ஓடினான். அவரோ அதற்குள் இன்னொரு சிறுவனின் காரை ஊசிமுனைகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, புது மோட்டார் வேண்டாம்" என்றான் பையன்.

சேர்த்து வைத்த பணம் சட்டைப் பையில் அப்படியே இருந்தது.